டிரைவர் செஞ்ச இன்ஜின் ஸ்வாப்... அமெரிக்க லாரிகளை டீசலுக்கு மாத்தின கிளெஸி கம்மின்ஸ் கதை!

ரீல்ஸ்ல இதை நீங்க பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரு, ஒரு தகர ஷெட். உள்ளே எழுபதுகள்ல வந்த பழைய பெட்ரோல் பிக்-அப் ஒண்ணு. ரெண்டு பேர் பானெட்டைக் கழட்டி ஓரமா சாய்ச்சு வெச்சுட்டு, பெட்ரோல் இன்ஜினைச் சங்கிலி போட்டு வெளியே தூக்குறாங்க. அது இருந்த இடத்தில் ஒரு பெரிய டீசல் இன்ஜினை மெதுவா இறக்குறாங்க. கடைசியில் சாவியைத் திருப்பினதும் மொத்த வண்டியும் ஒரு குலுங்கு குலுங்கி, கடகடன்னு உறும ஆரம்பிக்கும். இதுக்குப் பேருதான் டீசல் ஸ்வாப்.

அப்படி இறக்குற இன்ஜின் மேல அடிக்கடி ஒரு பேரைப் பார்க்கலாம்... கம்மின்ஸ். நம்ம ஊர்லயும் கரன்ட் போனதும் ஆஸ்பத்திரிக்கும் மண்டபத்துக்கும் வெளிச்சம் கொடுக்கிற ஜெனரேட்டர்கள்ல இந்தப் பேரைப் படிச்சிருப்பீங்க.

அது வெறும் கம்பெனி பேர் இல்லைங்க. ஒரு மனுஷனோட பேர். எட்டாம் வகுப்போட படிப்பை முடிச்சுக்கிட்டு, ஒரு பணக்கார வீட்டுக்குக் கார் ஓட்டினவர். நீங்க ரீல்ஸ்ல பார்க்கிற அதே வேலையை 1929-லேயே செஞ்சு, மூடப்போற தன் கம்பெனியைக் காப்பாத்தினவர். அதே வேலையால ஒருநாள் மலை இறக்கத்தில் உயிரையே விடப் பார்த்தவர்.

மரத்துல அச்சு, இரும்புல இன்ஜின்

கிளெஸி லைல் கம்மின்ஸ் பிறந்தது 1888 டிசம்பர்ல. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பம். அந்தக் காலத்தில் பண்ணைப் பையன்களுக்கு மாடு மேய்க்கவும் களை எடுக்கவுமே நேரம் சரியா இருக்கும். கிளெஸிக்கோ கண்ணெல்லாம் இயந்திரங்கள் மேலதான். 11 வயசுல மரத்தைச் செதுக்கி அச்சு செஞ்சு, உருக்கின இரும்பை அதில் வார்த்து, ஒரு நீராவி இன்ஜினையே செஞ்சு ஓட்டிட்டார். பொம்மை இல்லை, நிஜமாவே ஓடின இன்ஜின்.

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போட முடிஞ்சது. அதுக்கப்புறம் கிடைச்ச பட்டறை வேலையெல்லாம்தான் அவருக்குக் காலேஜ். 1911-ல் முதன்முதலா நடந்த இண்டியானாபோலிஸ் 500 கார் ரேஸ்ல ஜெயிச்ச மார்மன் காரோட பிட் குழுவிலயும் அவர் கை இருந்திருக்கு. இன்னிக்கும் உலகமே பார்க்கிற ரேஸ் அது. அந்த மைதானத்துக்கு அவர் திரும்ப வருவார், வேற மாதிரி. அதைக் கொஞ்சம் கழிச்சுப் பார்ப்போம்.

முதலாளியோட கராஜ்

கொலம்பஸ்னு ஒரு சின்ன ஊரு, அதுவும் இண்டியானாவிலதான். அங்கே வில்லியம் கிளான்டன் இர்வின்னு ஒரு பேங்கர். வசதியான குடும்பம். 1908-ல் கிளெஸி அவர்கிட்ட கார் டிரைவரா சேர்ந்தார். அப்போ டிரைவர் வேலைன்னா ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறது மட்டும் இல்லை. வழியில் வண்டி நின்னா, அங்கேயே பிரிச்சுப்போட்டு மாட்டத் தெரியணும். கிளெஸிக்கு அது கைவந்த வேலை.

பையனோட திறமை இர்வினுக்குச் சீக்கிரமே புரிஞ்சிடுச்சு. வீட்டுக் கராஜ்லேயே பட்டறை போட்டுக்க இடம் கொடுத்தார், மிஷின்கள் வாங்கப் பணமும் கொடுத்தார். வெளி வண்டிகளையும் ரிப்பேர் பார்க்க ஆரம்பிச்சார் கிளெஸி. முதல் உலகப் போர் வந்ததும் அந்தப் பட்டறைக்கு அரசாங்க ஆர்டர்கள் கிடைச்சது.

அந்தச் சமயத்தில்தான் கிளெஸிக்கு டீசல் மேல ஒரு கண் விழுந்தது. ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் 1897-லேயே தன் இன்ஜினை ஓட்டிக் காட்டியிருந்தார். தத்துவம் எளிமையானது. பெட்ரோல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் பொறி தட்டித்தான் எரிபொருள் பத்திக்கும். டீசல் இன்ஜின்ல பிளக்கே கிடையாது. உள்ளே வர்ற காற்றைப் பிஸ்டன் இறுக்கி அமுக்கும்போது அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்ப்போட அடிப்பக்கம் சுடுமே, அதேதான், பல மடங்கு அதிகமா. அந்தச் சூட்டுல எரிபொருளைப் பீய்ச்சினா தானாவே பத்திக்கும்.

லாபம் என்னன்னா, அதே அளவு எரிபொருள்ல டீசல் அதிக தூரம் போகும். கஷ்டம் என்னன்னா, அந்த அழுத்தத்தைத் தாங்க இன்ஜின் தடிமனா, கனமா இருக்கணும். அதனால அப்போ டீசல் இன்ஜின் இருந்ததெல்லாம் கப்பல்லயும் மின்நிலையத்திலயும்தான். காருக்குள்ள வைக்கலாம்னு சொன்னா, அமெரிக்காவில் யாரும் காது கொடுத்துக் கேட்கலை.

திரும்பி வந்த இன்ஜின்கள்

1919-ல் இர்வின் பணத்தில் கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனி ஆரம்பமாச்சு. முதல் பெரிய வாடிக்கையாளர், தபால் மூலமா ஊசியிலிருந்து வீடு வரைக்கும் வித்துக்கிட்டிருந்த சியர்ஸ் ரோபக். இன்னிக்கு ஆன்லைன் ஷாப்பிங் மாதிரி அன்னிக்கு அது. விவசாயிகளுக்கான சின்ன இன்ஜின்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தது. டிரைவர் கிளெஸி ஒரேயடியா முதலாளி ஆயிட்டார்னு தோணுதா?

அங்கேதான் சிக்கல். சியர்ஸ்ல ஒரு தாராளமான திட்டம் இருந்தது. பிடிக்கலைன்னா பொருளைத் திருப்பிக் கொடுத்துடலாம். விவசாயிகள் அதைச் சரியா பிடிச்சுக்கிட்டாங்க. சீசனுக்கு இன்ஜினை வாங்குறது, வேலை முடிஞ்சதும் பிடிக்கலைன்னு திருப்பி அனுப்புறது. ஃபங்ஷனுக்குப் போட்டுட்டு டேக்கோட ரிட்டர்ன் பண்ற டிரெஸ் கதைதான். இன்ஜின்லயும் குறைகள் இருந்தது. திரும்பி வந்த இன்ஜின்கள் குவிஞ்சது, கம்பெனி தள்ளாடுச்சு.

கிளெஸி விடலை. படகுகளுக்கு, மண் தோண்டுற இயந்திரங்களுக்குன்னு இன்ஜின் செஞ்சு காலத்தைத் தள்ளினார். பத்து வருஷம் போச்சு. லாபம் மட்டும் வரவே இல்லை. இர்வின் போட்டுக்கிட்டே இருந்தார். 1929 அக்டோபர்ல அமெரிக்கப் பங்குச்சந்தை கவிழ்ந்தது. படகு வாங்குறவங்களே காணாமப் போனாங்க. எவ்வளவு பொறுமைசாலி பேங்கருக்கும் ஒரு எல்லை உண்டு. கம்பெனியை இழுத்து மூடிடலாம்ங்கிற இடத்துக்குப் பேச்சு வந்துடுச்சு.

பேக்கார்டுக்குள்ள ஒரு படகு இன்ஜின்

இப்போ கிளெஸி இடத்தில் உங்களை வெச்சு யோசிச்சுப் பாருங்க. பத்து வருஷமா கணக்கு போட்டுக் காட்டியாச்சு, படம் வரைஞ்சு விளக்கியாச்சு. இனி பேசி எதுவும் ஆகாது. அவர்கிட்ட மிச்சம் இருந்தது ரெண்டே பொருள். ஒண்ணு, பழைய பேக்கார்டு லிமோசின் கார். இன்னொண்ணு, மாடல் யூ-ன்னு அவர் செஞ்ச நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின். அது படகுக்காக செஞ்சது.

காரோட பெட்ரோல் இன்ஜினைத் தூக்கி வெளியே வெச்சார். படகு இன்ஜினை உள்ளே இறக்கினார்.

சொல்றதுக்கு ரெண்டு வரி. செய்யறவங்களுக்குத்தான் தெரியும் அது என்ன வேலைன்னு. இன்ஜின் உயரமா இருக்கும், பானெட் மூடணும். கனமா இருக்கும், முன்பக்கம் தாங்கணும். பெட்ரோல் இன்ஜின் வேகமா சுத்தும், டீசல் நிதானமாத்தான் சுத்தும். கியரும் அதுக்கு ஒத்துப்போகணும். அதிர்வு வேற, நட்டு போல்ட்டையெல்லாம் உதிர்த்துடும். அவர் தேர்ந்தெடுத்தது நீளமான பேக்கார்டுங்கிறதால இன்ஜின் எப்படியோ இடுக்கி உட்கார்ந்துடுச்சு.

1929 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அந்தக் காரை இர்வின் வீட்டு வாசலுக்கு ஓட்டிட்டுப் போனார். உள்ளே என்ன இன்ஜின் இருக்குன்னு பேசுறதுக்கு முன்னாடி முதலாளியை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு. பழைய டிரைவர், பழைய சீட்ல. அமெரிக்காவில் டீசல்ல ஓடின முதல் கார்னு அதைத்தான் சொல்றாங்க.

கம்பெனியை மூடுற பேச்சு அன்னிக்கு நின்னுபோச்சு.

செலவு 1 டாலர் 38 சென்ட்

ஒரு முதலாளிக்குக் காட்டியாச்சு. அடுத்தது ஊருக்கே காட்டணும். 1930 ஜனவரியில் நியூயார்க்ல ஆட்டோ ஷோ. இண்டியானாபோலிஸ்ல இருந்து அங்கே கிட்டத்தட்ட 800 மைல், நம்ம கணக்குல 1,275 கிலோமீட்டர் சுமாருக்கு. கொட்டுற பனியில, அதே பேக்கார்டுல கிளம்பிட்டார் கிளெஸி. போய்ச் சேர்ந்ததும் எரிபொருள் கணக்கைப் பார்த்தா, மொத்தம் 1 டாலர் 38 சென்ட்.

ஷோ நடத்தினவங்க அந்தக் காரை உள்ளே வைக்க விடலை. அவர் கார் கம்பெனிக்காரர் இல்லையே. பக்கத்திலேயே ஒரு இடத்தைப் பிடிச்சு நிறுத்தினார். பத்திரிகைக்காரங்க அங்கே தேடிவந்தாங்க. 1.38 டாலர்ங்கிற அந்த எண்ணே அவருக்கு விளம்பரம் ஆயிடுச்சு. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம், சென்ட் சென்ட்டா எண்ணிச் செலவு பண்ற ஜனங்க. வேற என்ன விளம்பரம் வேணும்?

அதோட விட்டாரா? டீசல்னா ஆமை வேகம்னு பேசுறவங்க வாயை அடைக்கணுமே. 1930 மார்ச்ல ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் டீசல் பேக்கார்டை மணிக்கு 80 மைல் ஓட்டி சாதனை படைச்சார். அடுத்த வருஷமே டியூசன்பெர்க் காருக்குள்ள டீசலை வெச்சு அதே மணல்ல 100 மைலைத் தாண்டினார். மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல!

1931 மே மாசம் அந்த டியூசன்பெர்க் இண்டியானாபோலிஸ் 500 மைதானத்தில் நின்னது. டேவ் எவன்ஸ் ஓட்டினார். மத்த கார்கள் எல்லாம் பெட்ரோலுக்கும் டயருக்கும் பிட்டுக்குள்ள போய்ப் போய் வந்தது. டீசல் கார் மட்டும் போய்க்கிட்டே இருந்தது. 500 மைலையும் ஒரு தடவைகூட நிக்காம முடிச்ச முதல் கார் அதுதான். வந்த இடம் 13. ஆனா மறுநாள் ஜனங்க பேசினது நிக்காம ஓடின அந்தக் காரைப் பத்தியும்தான்.

கஹோன் இறக்கம்

இதுவரைக்கும் எல்லாம் வெற்றிக் கதை. இனிமேதான் முக்கியமான இடம்.

கார்ல ஓட்டிக் காட்டினாலும் கிளெஸியோட கணக்கு லாரி மேலதான். நாள் முழுக்க ஓடுற வண்டிக்குத்தான் எரிபொருள் மிச்சம் பெரிய காசு. 1931-ல் இண்டியானாங்கிற கம்பெனியோட லாரியில் தன் டீசலை வெச்சு, நியூயார்க்ல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் கிளம்பினார். கூட ரெண்டு பேர். கடற்கரையில இருந்து கடற்கரைக்கு, 3,200 மைலுக்கு மேல. மொத்த எரிபொருள் செலவு 11 டாலர் 22 சென்ட்.

ஆனா ஊர் போய்ச் சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கலிஃபோர்னியாவில் கஹோன் கணவாய்னு ஒரு மலைப்பாதை. நீளமான இறக்கம். லாரியை ஓட்டினது கிளெஸி. பிரேக் சூடேறிப் பிடிமானம் போயிடுச்சு. வண்டி வேகம் எடுக்குது. கீழே பாதையை வெட்டிக்கிட்டு ரயில் தண்டவாளம். அதில் ஒரு சரக்கு ரயில் போய்க்கிட்டிருக்கு.

நிறுத்த வழியே இல்லை. ரயிலோட கடைசிப் பெட்டி கடந்து போன அந்த நொடியில் லாரி தண்டவாளத்தைத் தாண்டுச்சு. இடைவெளி சில அங்குலம்தான். மூணு பேரும் பிழைச்சாங்க.

ஏன் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் இந்தக் கதையோட உயிர் புரியும். பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா என்ன ஆகும்? காற்று வர்ற வழி மூடிக்கும். பிஸ்டன் காற்றில்லாம மூச்சுத்திணறி இழுக்கும். அந்த இழுவையே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். இறக்கத்தில் கியர்ல இறங்குனு பெரியவங்க சொல்றது இதுக்குத்தான்.

டீசல்ல அந்தக் கதவு கிடையாது. காலை எடுத்தா எரிபொருள்தான் நிக்கும். காற்று எப்பவும்போல தாராளமா உள்ளே வரும். பிஸ்டன் அதை அமுக்கும்போது வண்டியோட வேகம் கொஞ்சம் செலவாகுறது நிஜம். ஆனா அமுங்கின காற்று ஸ்பிரிங் மாதிரி. அடுத்த நொடியே பிஸ்டனைத் திருப்பித் தள்ளி, வாங்கினதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துடும். பிடிமானம் ரொம்பக் கம்மி. அந்த லாரியை நிறுத்த இருந்தது சக்கரத்தில் இருந்த பிரேக் மட்டும்தான். அதுவும் வெந்துபோச்சு.

இன்ஜினை மாத்தினவருக்கு இழுக்கிற சக்தி கிடைச்சது, செலவு மிச்சமாச்சு. அதுக்குப் பதிலா வண்டி எதைப் பறிகொடுத்ததுன்னு அந்த இறக்கத்தில்தான் அவருக்குத் தெரிஞ்சது.

லாரிக்காரங்க மாறினாங்க

முப்பதுகள்ல அமெரிக்க லாரி கம்பெனிகள் டீசலைத் தொடவே தயங்கினாங்க. ஓனர்களோ பெட்ரோல் லாரியை எடுத்து, இன்ஜினைக் கழட்டிட்டு கம்மின்ஸ் டீசலை மாட்டிக்க ஆரம்பிச்சாங்க. கலிஃபோர்னியாவில் ப்யூரிட்டி ஸ்டோர்ஸ்ங்கிற மளிகைக்கடைக் குழுமம் 1932-ல் தன் லாரிக்கு வாங்கினது முதல் போணி. அந்த வேலைக்காகவே வந்தது ஆறு சிலிண்டர், 125 குதிரைத்திறன் கொண்ட மாடல் ஹெச் இன்ஜின். 1933-ல் கென்வொர்த் கம்பெனி டீசல் இன்ஜினோட லாரியைத் தானே விற்க ஆரம்பிச்சது. பட்டறையில் செஞ்ச ஸ்வாப், தொழிற்சாலைக்குள்ள நுழைஞ்சது இப்படித்தான்.

இர்வினுக்கு முதல் லாபத்தைக் கண்ணில் காட்டினது 1937-ல். கம்பெனி ஆரம்பிச்சு 18 வருஷம் கழிச்சு! ஒரு டிரைவரை நம்பி ஒருத்தர் இவ்வளவு காலம் காத்திருந்தாரேன்னு யோசிச்சா, கொஞ்சம் மலைப்பாத்தான் இருக்கு.

முப்பது வருஷ பாக்கி

1955 வாக்கில் கிளெஸி கம்பெனி வேலையில இருந்து ஒதுங்கி கலிஃபோர்னியாவில் குடியேறினார். வயசு 66 ஆச்சு. பேரும் பணமும் இருக்கு. சும்மா கடலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனா கஹோன் இறக்கம் அவர் மனசைவிட்டுப் போகலை. அந்தப் பாக்கியைத் தீர்க்க உட்கார்ந்தார்.

அவர் யோசிச்சது இதுதான். அமுங்கின காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளுறதுதானே பிரச்னை? தள்றதுக்கு ஒரு நொடி முன்னாடி வெளியேறும் வால்வைத் திறந்துட்டா? காற்று புஸ்ஸுனு போயிடும். ஸ்பிரிங்கே இருக்காது. அமுக்கச் செலவான வேகம் செலவானதுதான். டீசல் இன்ஜினே பிரேக்கா மாறிடும்!

சரியா அந்த நொடியில் வால்வை யார் திறக்கிறது? இங்கேதான் அவரோட பழைய வேலையே கைகொடுத்தது. கம்மின்ஸ் இன்ஜின்ல எரிபொருளைப் பீய்ச்சுற இன்ஜெக்டரை அழுத்த ஒரு தனி கேம் உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வர்ற நேரத்தில்தான் அது அழுத்தும். அந்த அசைவையே எடுத்து, எண்ணெய் அழுத்தம் மூலமா வால்வுக்கு அனுப்பினார். தான் செஞ்ச இன்ஜினுக்குள்ளேயே விடை இருந்திருக்கு.

டிரில்லிங் மிஷினுக்கு சக் செஞ்சுக்கிட்டிருந்த ஜேக்கப்ஸ் கம்பெனி 1961-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்பெனி பேரைச் சுருக்கி லாரிக்காரங்க அதை ஜேக் பிரேக்னு கூப்பிடுறாங்க. அமெரிக்க ஹைவே வீடியோக்கள்ல லாரி இறக்கத்தில் வரும்போது படபடன்னு மிஷின் கன் மாதிரி ஒரு சத்தம் கேட்கும், கவனிச்சிருக்கீங்களா? அதுதான் இது. 1968-ல் கிளெஸி இறந்தார். அந்தச் சத்தம் இன்னும் மலைப்பாதைகள்ல கேட்டுக்கிட்டே இருக்கு.

இப்போ அந்த ஷெட்டுக்குத் திரும்புவோமா?

1989-ல் டாட்ஜ் ராம் பிக்-அப்ல கம்மின்ஸின் 5.9 லிட்டர் டீசல் இன்ஜின் வந்தது. அதுக்கப்புறம்தான் பழைய பெட்ரோல் பிக்-அப்களுக்கு இந்த இன்ஜினைத் தேடி எடுத்து மாட்டுற பைத்தியம் பரவுச்சு. ஆனா அதோட எடை கிட்டத்தட்ட அரை டன். சாதாரண பெட்ரோல் வி-8 இன்ஜினைப்போல ரெண்டு மடங்கு வரைக்கும் இருக்கும். முன் ஸ்பிரிங்கை மாத்தணும், தாங்குற மவுன்ட்டைப் புதுசா வெல்டு பண்ணணும், கியர்பாக்ஸ் இந்த முறுக்குவிசையைத் தாங்கணும், மிஞ்சின டீசல் டேங்க்குக்குத் திரும்பிப் போக தனிக் குழாய் போடணும். ரீல்ஸ்ல முப்பது செகண்டுல முடியறது, ஷெட்டுல மாசக்கணக்கு. நம்ம ஊர்ல செய்யணும்னா ஆர்.டி.ஓ அனுமதியும் ஆர்.சி புக்ல பதிவும் இல்லாம தொடவே கூடாது.

எல்லாத்தையும் மாட்டினப்புறமும் புதுசா செய்யறவங்க மறக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. பெட்ரோல் பிக்-அப்ல பிரேக் பெடல் மெத்துனு இருக்கக் காரணம், இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகுற வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் பிரேக் பூஸ்டருக்குப் பலம். டீசல்ல அந்தக் கதவு இல்லைன்னு பார்த்தோம் இல்லையா? அப்போ அந்த வெற்றிடமும் இல்லை. தனியா ஒரு வேக்குவம் பம்ப் வைக்கணும், இல்லைன்னா பவர் ஸ்டீயரிங் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யற பூஸ்டரை மாட்டணும். மறந்தா, மிதிச்சதும் பெடல் கல்லு மாதிரி நிக்கும்.

அதனால அடுத்த தடவை அப்படி ஒரு வீடியோ வந்தா, இன்ஜின் உறுமுறதோட ஸ்வைப் பண்ணிடாதீங்க. பிரேக்குக்கு என்ன செஞ்சிருக்காங்கன்னு பாருங்க. கிளெஸி கம்மின்ஸ் அந்த ஷெட்டுக்கு வந்திருந்தா, அதைத்தான் முதல்ல குனிஞ்சு பார்த்திருப்பார்.